முப்பத்துநாலு அங்குலம்

பைஜாமா தொடைக்கு மேலே ஏற மறுத்தது.

ஜினகுமார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். கட்டில் ஆடியது. சுவரில் காலண்டர் ஆடியது. பைஜாமா மட்டும் அசையவில்லை. அதில் அச்சடித்திருந்த மஞ்சள் வாத்துகள் அவர் தொடையைச் சுற்றி வரிசைகட்டி நின்று அவரையே அண்ணாந்து பார்த்தன.

"அஞ்சனா!"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முந்தானை வாய்க்குப் போனது.

"சிரிச்சே, தெரியும் சேதி!"

"நான் எங்கங்க சிரிச்சேன்? தாளிப்பு நெடி, இருமல் வருது."

"உன் மிஷின் சரியில்ல. எண்ணெய் போட்டு எத்தினி வருஷம் ஆவுது?"

"மிஷினுக்கு எண்ணெய் போட்டா பைஜாமா பெரிசாவுமா?"

ஜினகுமாருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் மூக்கு. இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் சிவந்தன.

இன்று திங்கள். ஞாயிற்றுக்கிழமை விமானம். கனடாவில் மகள் ஸ்ரேயா வீட்டில் மூன்று மாதம். அங்கே இப்போதே பனி கொட்டுகிறதாம்.

"வீட்டுக்குள்ள எல்லாரும் பைஜாமாதான்பா, அது மேல டிரெஸ்ஸிங் கவுன்" என்று ஸ்ரேயா சொல்லியிருந்தாள். "நீங்க வேட்டியைக் கட்டிக்கினு நடுங்கிக்கினு இருந்தா எங்க மாமா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாரு."

மாமா என்றால் சம்பந்தி பிரேம்நாத். ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறார். வீடியோவில் வரும்போதெல்லாம் கவுனும் கையில் காபியுமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "நம்ம ஜினகுமார் சாருக்குக் குளிர் தாங்காது" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த ஆளுக்கு முன்னால் கவுனோடு போய் இறங்க வேண்டும். ஜினகுமாரின் மானம் இப்போது அந்தக் கவுனில்தான் இருந்தது.

கடையில் வாங்கிவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. குளிர் உடுப்பு என்றாலே கம்பளி. ஆட்டை இம்சித்து எடுத்த ரோமம் உடம்பில் படக்கூடாது என்பது சமணரான அவர் விரதம். தோல் கூடாது. பட்டு கூடவே கூடாது. தெருவுக்குத் தெரு பட்டுக்கடை இருக்கிற காஞ்சிபுரத்தில், அறுபத்திரண்டு வருடமாக ஒரு பட்டு நூல் மேலே படாமல் வாழ்ந்தவர். தாலி கட்டும்போதுகூடப் பருத்தி வேட்டிதான். இடுப்புக்குப் பெல்ட் கிடையாது. கியாசுதீன் தைக்கும் பேண்டுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

கியாசுதீன்!

அந்தப் பெயர் நினைவுக்கு வந்ததும் காதும் மூக்கும் இன்னொரு சுற்றுச் சிவந்தன.

போன வாரம் நடந்த கதை இது. ஊரெல்லாம் அலைந்து, ராஜவீதியில் வேணுகோபால் கடையில்தான் மெத்தென்ற பருத்தி பிளானல் துணி கிடைத்தது. பிறந்த குழந்தையைச் சுற்றி வைக்கிற துணி. ஒரே டிசைன், மஞ்சள் வாத்து. ஐந்து மீட்டர் வாங்கிக்கொண்டு ஒலிமுகமதுபேட்டையில் கியாசுதீன் கடைக்குப் போனார். இருபத்தாறு வருடமாக அவருக்குச் சட்டை, பேண்ட் எல்லாம் தைப்பது கியாசுதீன்தான்.

"ஒரு பைஜாமா, ஒரு கவுன், அடுத்த ஞாயித்துக்கிழமை கனடாவுக்குக் கெளம்பறதுக்குள்ள. கவுனுக்கு உள்பக்கம் இடது மாருல மூக்குக் கண்ணாடி வைக்கிற மாதிரி ஒரு பை, எப்பவும் போல."

கியாசுதீன் துணியை விரித்தார். விரல் விரித்து நீளம் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"பத்தாது சார். இன்னும் ரெண்டு மீட்டரு வாங்கியாங்க. ஏழு வேணும்."

"ஏழா? நான் கணக்குப் போட்டுத்தானே வாங்கினேன்? இடுப்பு முப்பத்துநாலு, மார்பு முப்பத்தாறு. யூடியூப்ல தெளிவா சொல்லியிருக்கான், அஞ்சு தாராளம்னு. என் அளவு உனக்குத் தெரியாதா பாய்?"

கியாசுதீன் வாயைத் திறந்தார். கடையில் ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"தெரியும் சார். அதனாலதான் ஏழுன்னு சொல்றேன்."

"அந்த ரெண்டு மீட்டரு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுத் தலகாணிக்கு உறை போடறதுக்கு! துணி திருடாத டெய்லரு எந்த ஊர்ல இருக்கான்?"

கியாசுதீன் கத்தரிக்கோலை மெல்ல மேஜையில் வைத்தார். துணியை மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

"இருபத்தாறு வருஷம் சார்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "சரி. எடுத்துக்கினு போங்க."

"போறேன்யா! நானே தைச்சுக்கறேன். அஞ்சு மீட்டர்ல தைச்சு, மிச்சத் துணியை உன் மூஞ்சி மேல வீசறனா இல்லையா பாரு!"

சபதம் போட்டாயிற்று. யூடியூப் இருக்கிறது, அஞ்சனாவின் கால் மிஷின் இருக்கிறது. அளவு?

அளவுக்கு அவரிடம் ஆவணமே இருந்தது.

ஜினகுமார் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவர். மனிதன் பொய் சொல்வான், கையெழுத்துப் போட்ட காகிதம் பொய் சொல்லாது என்பது அவர் வேதம். துணி தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் கியாசுதீனின் அளவு நோட்டிலிருந்து ஒரு நகல் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். இருபத்தாறு வருடத்து நகல்கள் ஒரு பச்சைக் கோப்பில் வரிசையாக இருந்தன. எதை எடுத்தாலும் இடுப்பு முப்பத்துநாலு.

"மாறாத இடுப்புடி இது" என்று அஞ்சனாவிடம் கோப்பைத் தட்டிச் சொல்வார். "பொழுது சாஞ்சா சோறு தொடாதவன் உடம்பு இப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை முப்பத்தாறுன்னு தப்பா அளந்தான் பாய். விட்டேனா? கடையில இருந்த அத்தினி பேரு முன்னால அரை மணி நேரம் கத்தினேன். மறுபடி அளந்தான். என்ன வந்துது? முப்பத்துநாலு!"

பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டு முடிப்பது எவ்வளவு என்பதைப் பற்றி அஞ்சனா எப்போதும் எதுவும் சொன்னதில்லை.

அந்த ஆவணப்படி வெட்டித் தைத்த பைஜாமாதான் இப்போது தொடையில் நிற்கிறது.

"துணி சுருங்கியிருக்குது!" என்று திடீரென்று கண்டுபிடித்தார் ஜினகுமார். "நேத்து தைச்சு முடிச்சதும் நீ தண்ணில போட்டே இல்ல?"

"நீங்கதானே கஞ்சி போவட்டும்னு போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னா போட்டுடறதா?"

அடுத்த அரை மணியில் அவர் வேணுகோபால் கடையில் இருந்தார்.

"இன்னாய்யா துணி விக்கிறே? ஒரு அலசு அலசினா பாதியாப் போவுது!"

வேணுகோபால் பைஜாமாவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"நல்லாத்தானே இருக்குது சார். பேரப்புள்ளைக்கு இன்னா வயசு?"

ஜினகுமாருக்குக் காதோடு மூக்கும் சிவந்தது. திரும்பி வரும்போது கையில் இன்னும் மூன்று மீட்டர் வாத்து இருந்தது.

"அஞ்சும் மூணும் எட்டு" என்றாள் அஞ்சனா, கூரையைப் பார்த்துக்கொண்டு. "பாய் ஏழுதான் கேட்டாரு."

"வாயை மூடு!"

இந்த முறை துணியை வெட்டுவதற்கு முன்பே வெந்நீர் அண்டாவில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார். காயப்போட்டதும் மழை பிடித்துக்கொண்டது. மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்து மறுநாள் முழுக்கக் காவல் காத்தார். புதன்கிழமை பிற்பகல் இரண்டாவது பைஜாமா தயார். ஆவணப்படி, அங்குலம் பிசகாமல்.

ஏறியது! தொடையைத் தாண்டி ஏறியது. இடுப்புக்கு நாலு விரல் கீழே நின்றது. நாடாவை இழுத்து முடிபோடும்போது ஜினகுமாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"பார்த்தியா! எவன்டா சொன்னது ஏழு மீட்டருன்னு?"

"உக்காருங்க, சாப்பிடலாம். பொழுது சாயப் போவுது."

உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆசனப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்துகொண்டது.

ஜினகுமார் ஐந்து நிமிடம் யாரையெல்லாமோ திட்டினார். நூல் கம்பெனியைத் திட்டினார். யூடியூப்பில் தைக்கச் சொல்லிக்கொடுத்த பெண்ணைத் திட்டினார். மழையைத் திட்டினார். பிறகு எழுந்து, முதல் பைஜாமாவை வெட்டி, நாலு விரல் அகலத்தில் பட்டிகள் எடுத்து, இரண்டாவதன் இரண்டு பக்கமும் பின்பக்கமும் கொடுத்துத் தைத்தார். அவசரத்தில் பட்டியைத் திருப்பிப் பிடித்துவிட்டார். நடுவில் வாத்துகள் நிமிர்ந்து நடந்தன. ஓரங்களில் வாத்துகள் தலைகீழாகத் தொங்கின.

அஞ்சனா சுற்றிவந்து பார்த்தாள். "கோர்வை போட்ட பட்டுச்சேலை மாதிரி வந்திருக்குது. உடம்பு ஒண்ணு, பார்டர் ஒண்ணு. இன்னும் முந்தி மட்டும்தான் வைக்கல."

"கொன்னுடுவேன்."

"பட்டே தொடாதவருக்குப் பாருங்க, காஞ்சிபுரம் பார்டரு!"

அவர் கவுனை வெட்ட உட்கார்ந்தார். கத்தரிக்கோல் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. மார்பு முப்பத்தாறு, தோள் பதினாறு. ஆவணம் ஆவணம்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கவுன் முடிந்தது. பையும் வைத்தாயிற்று, இடது மாரில், உள்பக்கம். வலது கையை நுழைத்தார். போயிற்று. இடது கையைப் பின்னால் வளைத்து நுழைத்தார். முழங்கைவரை போயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இரண்டு தோளும் பின்னால் இழுபட, கைகள் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள, ஜினகுமார் அறை நடுவில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சனாவின் போன் பாடியது. அவளும் யோசிக்காமல் எடுத்துவிட்டாள். திரையில் ஸ்ரேயா, பக்கத்தில் சம்பந்தி பிரேம்நாத், கவுனும் காபியுமாக.

"அப்பா! இன்னாப்பா இது, கையைக் கட்டிப் போட்டிருக்காங்களா?"

பிரேம்நாத் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். "சாரு ஏதோ யோகா பண்றாரு போலக்குது. வாத்தாசனமா?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஜினகுமார் போனை மூட நினைத்தார். மூடக் கை வேண்டுமே!

"அணைடி! அணைச்சுத் தொலைடி!"

"அப்பா, பேசாம கியாஸ் அங்கிள்கிட்ட குடுங்கப்பா" என்று ஸ்ரேயாவின் குரல் வந்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டது.

அஞ்சனா கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கம் கிழித்து அவரை விடுவித்தாள். கவுன் இரண்டு பாதியாகத் தரையில் விழுந்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, அவருடைய பழைய பேண்ட் ஒன்றை எடுத்துவந்தாள். கியாசுதீன் தைத்தது. கட்டிலில் பைஜாமாவை விரித்தாள், அதன்மேல் பேண்டை விரித்தாள்.

"இதை நீங்களே பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

ஜினகுமார் பார்த்தார். பட்டி கொடுத்த பிறகும் பைஜாமா உள்ளே அடங்கியிருந்தது. பேண்ட் இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மர ஸ்கேலை எடுத்து வைத்தார். பேண்டின் இடுப்பு ஒரு பக்கம் இருபத்திரண்டு. இரண்டு பக்கமும் சேர்த்தால் நாற்பத்துநாலு.

கோப்பை எடுத்தார். அதே பேண்டுக்கு உரிய நகல். தேதி, கையெழுத்து. இடுப்பு முப்பத்துநாலு.

அஞ்சனா காத்திருந்தாள், இப்போதாவது புரியும் என்று.

"அடப்பாவி!" என்று கத்தினார் ஜினகுமார். "மாத்திட்டான்டி! அளவை மாத்திட்டான்! எவனோ ஒரு தடியன் அளவை எடுத்து எனக்குத் தைச்சிருக்கான்! இருபத்தாறு வருஷமா எவன் பேண்டையோ போட்டுக்கினு ஆபீசுக்குப் போயிருக்கேன்டி நான்!"

"ஏங்க, அது உங்களுக்குச் சரியாத்தானே..."

"என் துணியைத் திருடினது பத்தாதுன்னு, எனக்கே அடுத்தவன் அளவா? நகலை வெச்சு வேலை ஆவாது. மூலத்தைப் பார்க்கணும். நோட்டை எடுத்துக் காட்டச் சொல்றேன்! இன்னிக்கு அந்தக் கடையில ரெண்டுல ஒண்ணு!"

சட்டையை மாட்டிக்கொண்டு, பச்சைக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, டி.வி.எஸ்.ஸை உதைத்தார். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒலிமுகமதுபேட்டைவரை வழியில் வந்த ஆட்டோ, ஆடு, தண்ணீர் லாரி எல்லாவற்றுக்கும் திட்டு விழுந்தது. பங்க்சர் ஆகி, வண்டியைத் தள்ளி, கடை திறக்கக் காத்திருந்து ஒட்டி, மறுபடி கிளம்பியதில் மதியம் ஆகிவிட்டது. பங்க்சர் ஒட்டியவருக்கும் விழுந்தது.

கடையில் கியாசுதீன் இல்லை. அவர் மகள் லுப்னா உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க உங்கப்பா?"

"வாங்க அங்கிள். ஜும்ஆவுக்குப் போயிருக்காரு. தொழுகை முடிஞ்சு வர நேரம்தான். உக்காருங்க, டீ சொல்லட்டுமா?"

"டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். அளவு நோட்டை எடு! என் பக்கத்தை எடு!"

"இப்பவா?"

"இப்பவேதான்! நோட்டைப் பார்க்காம இந்த எடத்தை விட்டு நவர மாட்டேன்."

லுப்னா எழுந்து பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தாள். அலமாரிக் கதவில் ஹேங்கரில் ஒன்று தொங்கியது. அரக்கு நிறப் பருத்தித் துணி. அகலக் காலர். இரண்டு பை. இடுப்பில் அதே துணியில் கயிறு. ஒரு டிரெஸ்ஸிங் கவுன். கீழே, நாலாக மடித்த ஒரு பைஜாமா.

ஜினகுமார் அதைப் பிடுங்காத குறையாக எடுத்தார். உள்பக்கத்தைத் திருப்பினார். உள்ளே லைனிங், முழுக்க மஞ்சள் வாத்து.

"வாத்து! என் வாத்து!"

"அந்த வாத்தை வேணுகோபால் அங்கிள் ஊருக்கே விக்கிறாரு. அப்பா போன வாரம் அங்க போயி காசு குடுத்து வாங்கினது அது."

"எவனுக்கு இது? இம்மாம் பெரிசு! கோயில் யானை வெளியூர் போவுதா?"

லுப்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவசர ஆர்டர் அங்கிள். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமாம்."

"இதைத்தான் சொல்றேன், உங்கப்பனுக்குத் துணியோட அருமை தெரியாதுன்னு! முப்பத்துநாலு இடுப்புக்காரன் இதுக்குள்ள நொழைஞ்சா ஆளையே தேடணும். பார்க்கறியா? பாரு! நல்லாப் பாரு!"

கோப்பை மேஜைமேல் எறிந்துவிட்டு, வலது கையை நுழைத்தார். போயிற்று. இடது கையை நுழைத்தார். அதுவும் போயிற்று, வெண்ணெயில் கத்தி போல.

தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. இரண்டு ஓரமும் வயிற்றுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்று அழகாக ஏறிப் படிந்தன. கயிற்றை முடிந்தார். இன்னும் ஒரு சாண் தொங்கியது.

எதிரே ஆளுயரக் கண்ணாடியில் ஒரு கனவான் நின்றிருந்தார். பிரேம்நாத்தெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

ஜினகுமாருக்கு மேற்கொண்டு என்ன கத்துவது என்று தெரியவில்லை. குழம்பும்போது எப்போதும் செய்வது போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கை தன்பாட்டுக்கு இடது மாருக்குள் போனது.

அங்கே ஒரு பை இருந்தது. கண்ணாடி அதற்குள் சரியாக இறங்கி உட்கார்ந்தது.

காதிலிருந்த சிவப்பு மெல்ல இறங்கியது. வெளியே தொழுகை முடிந்து ஆட்கள் வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"இது..." என்றார். பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தார். "இது யாரு அளவும்மா?"

லுப்னா நோட்டில் அவர் பக்கத்தை விரித்து, விரலை வைத்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பேருல ரெண்டு அளவு இருக்குது அங்கிள். ஒண்ணு தைக்கிறதுக்கு, ஒண்ணு உங்களுக்கு நகல் குடுக்கிறதுக்கு. எதைப் படிக்கட்டும்?"